நாற்பத்து நான்கு

டெல்மர் பச்சைத் துணி விரித்த மேசையின்மேல் நான்கு தோட்டாக்களை நிறுத்தி வைத்தார். முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து. இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துக்கொண்டே போயின. பக்கத்தில் ஆர்லோவின் ரிவால்வர், தோட்டா போடும் உருளை தனியாகவும் கைப்பிடிக் கட்டை தனியாகவும் கழற்றப்பட்டு, மருத்துவர் முன்னால் சட்டையைக் கழற்றிய கிழவரைப் போலக் கிடந்தது.

"வேலையில கை வைக்கிறதுக்கு முன்னாடி ஆளை நேர்ல கூப்பிட்டு ஒரு தடவை கேட்டுக்கிறது என் வழக்கம்," என்றார் டெல்மர் ஆர்லோவிடம். "சீட்டுல நாப்பத்தி நாலுன்னு எழுதியிருக்கீங்க. எழுதி மூணு வருஷம் ஆச்சு. மூணு வருஷத்துல மனசு மாறும் இல்லையா?"

மனசு மட்டுமா மாறும் என்று நினைத்துக்கொண்டாள் மேவிஸ். ஆர்லோவின் மனைவியாகி நாற்பத்தாறு வருஷமாகிறது அவளுக்கு. எழுபது மைல் காரை அவள்தான் ஓட்டி வந்தாள். கண் கூசுகிறது என்று ஆர்லோ சொன்னார், ஆமாம் இன்றைக்கு வெயில் அதிகம்தான் என்று இவளும் சொன்னாள். மொன்டானாவில் அன்று காலையிலிருந்தே மேகம் மூடிக் கிடந்தது.

டெல்மரிடம் துப்பாக்கி கொடுப்பதென்றால் வரிசையில் நிற்க வேண்டும். அவர் ஒற்றை ஆள், வருஷத்துக்குப் பன்னிரண்டு துப்பாக்கிக்குமேல் தொட மாட்டார். பழைய ரிவால்வரின் குழலையும் உருளையையும் பெரிதாகத் துளைத்து வேறு காலிபருக்கு, அதாவது வேறு தடிமன் தோட்டாவுக்கு, மாற்றித் தருவதில் அவருக்கு இணை அந்தப் பக்கத்தில் கிடையாது. பேரைப் பதிந்துவிட்டு ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். போன வாரம் அவர் போன் செய்து முறை வந்துவிட்டது என்றதும் ஆர்லோ முடிவெட்டிக்கொண்டு வந்தார், கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி.

அந்த ரிவால்வரை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் அவர் முப்பத்தைந்து வருஷம் கோவேறு கழுதைகளில் மூட்டை ஏற்றி, வேட்டைக்காரர்களை மலைக்கு மேலே கூட்டிப் போனார். ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் பின்பக்கத்துச் சுத்தியலை இழுத்து வைத்தால்தான் சுடும், அந்தக் காலத்து ரகம். முப்பத்தெட்டு கரடிக்குப் போதாது, மாற்ற வேண்டும் என்று முப்பது குளிர்காலமாகப் பேச்சு. எந்தக் காலிபருக்கு என்பதில்தான் தகராறு. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற வீட்டில்கூட இவ்வளவு அலசியிருக்க மாட்டார்கள். நாற்பத்தைந்து என்றால் உருளைச் சுவர் மெலிந்துபோகும், நாற்பத்தொன்றுக்குப் பித்தளைக் கூடு கிடைக்காது, நாற்பத்து நான்குதான் எல்லாவற்றுக்கும் நடு. "கரடியையே கேட்டுப் பாரேன், அதுக்கு எது பிடிக்கும்னு," என்பாள் மேவிஸ், பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறும்.

நாற்பத்து நான்கு தோட்டா கடையில் எப்போதாவதுதான் கிடைக்கும். அதை வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே தோட்டா கட்டிக்கொள்வார்கள். ஆர்லோவுக்கும் நிலவறையில் அதற்கென்று ஒரு மேசை உண்டு, முப்பத்தெட்டையும் அவர் கடையில் வாங்கியதில்லை. ஐம்பது பித்தளைக் கூடுகளை ஒரு கட்டையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் அளந்து ஒரு துளி வெடிமருந்து போட்டு, மேலே ஈயக் குண்டை வைத்து, கூட்டின் வாயை மடித்து அழுத்துவார். மருந்து கூட்டின் அடியிலே கொஞ்சமாகத்தான் கிடக்கும். அதே கூட்டில் இன்னொரு தடவை போட்டாலும் வழியாது, வெளியே தெரியாது. சுடும்போதுதான் தெரியும், அப்போது தெரிந்து பிரயோஜனமில்லை. உருளை சிதறி கையையும் கண்ணையும் கொண்டுபோய்விடும்.

ஏப்ரலில் ஒருநாள் அவரைச் சாப்பிடக் கூப்பிட மேவிஸ் கீழே போனாள். காபி எடுக்கப் பாதியில் மேலே வந்து போனவர், மறுபடி முதல் வரிசையிலிருந்து மருந்து போட்டுக்கொண்டிருந்தார். "அதுக்குப் போட்டாச்சு இல்ல?" என்றாள். "உன்னைக் கட்டுறதுக்கு முன்னாடியே இதைப் பண்றேன்," என்றார் அவர். அன்று மத்தியானம் அவர் தூங்கும்போது குண்டு கழற்றும் சுத்தியலை எடுத்து ஐம்பதையும் தட்டிப் பிரித்தாள். ஒன்பதில் இரட்டை மருந்து. நிலவறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து மருந்தைக் கொல்லையில் கொட்டி, இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துப் பழகிய வேலையைத் தானே செய்தாள். தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, ஐம்பதையும் புதிதாகக் கட்டி அவருடைய டப்பாவிலேயே வைத்தாள். ஐந்து மாதமாக ஒவ்வொரு டப்பாவுக்கும் இதுதான் நடந்தது. அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

முப்பத்தெட்டாகவே இருந்தால் கடையில் வாங்கிக்கொள்ளலாம், ஏதாவது சாக்குச் சொல்லி மேசையைப் பூட்டிவிடலாம். அதனால் முந்தாநாள் மளிகைக்கடை வாசலில் காருக்குள் உட்கார்ந்து டெல்மருக்குப் போன் செய்தாள். இதை மாற்ற முடியாது என்று சொல்லிவிடு என்று கெஞ்சினாள். டெல்மர் தயங்கித்தான் சரி என்றார்.

"நாப்பத்தி நாலுதான்," என்றார் ஆர்லோ இப்போது. "மாறலை."

டெல்மர் ரிவால்வரின் எஃகுச் சட்டத்தைத் தொட்டார். "ஒரு சிக்கல் ஆர்லோ. சட்டத்துல மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரியுது. பெருசாக்கினா தாங்காது. முப்பத்தெட்டாவே விட்டுடலாம், புதுசா பூச்சு போட்டுத் தர்றேன்."

ஆர்லோ மேசையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தார். சட்டத்தை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலையில் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு நின்ற அதே மனிதர்தான். எஃகைக் கையில் எடுத்ததும் பழைய ஆளாகிவிட்டார். மேவிஸுக்கு அதைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, பொய் பிடிபட்டுவிடும் என்றும் தெரிந்தது.

"எங்கே?"

டெல்மர் ஓர் இடத்தைக் காட்டினார்.

"இது தோலுறையில உரசின கோடு." ஆர்லோ கண்ணாடியைக் கீழே வைத்தார். "உனக்குப் பொய் சொல்ல வரலை டெல்மர். யாரு சொல்லச் சொன்னது?"

டெல்மர் சுவரில் தொங்கிய அரங்களைப் பார்த்தார்.

"நான்தான்," என்றாள் மேவிஸ். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "எனக்குப் பயமா இருக்கு ஆர்லோ."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"எத்தனை?" என்றார்.

"என்ன எத்தனை?"

"ஏப்ரல்ல நான் கட்டினதுல. கெட்டது எத்தனை?"

மேவிஸ் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நீ கட்டினது எனக்குத் தெரியாதா?" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டே. "வாயை அவ்வளவு இறுக்கமா மடிச்சிருக்கே, தலையணை உறை ஓரம் தைக்கிற மாதிரி. நான் என்னிக்கு அப்படி மடிச்சேன்? ரெண்டாவது டப்பாவுலயே தெரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாமே."

"நீயும் சொல்லலையே."

"தெரிஞ்சும் ஏன் வாராவாரம் கீழே போய் உக்காந்தே?"

"நீ பிரிச்சுப் பாப்பேன்னு தெரியும். அந்தத் தைரியத்துலதான்." கொஞ்சம் நிறுத்தி மறுபடி கேட்டார். "எத்தனைன்னு சொல்லு."

இரண்டு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இந்த மனிதரிடம் அவள் அதிகம் பொய் சொன்னதில்லை, இந்த வருஷத்தைத் தவிர.

"ஒன்பது."

"ஐம்பதுலயா?"

"ஐம்பதுல."

ஆர்லோ தலையை ஆட்டினார். யாரோ தெரியாதவருடைய சாவுச் செய்தியைக் கேட்டவர் மாதிரி, மரியாதையாக. "ஒண்ணு ரெண்டு இருக்கும்னு நெனச்சேன்," என்றார்.

மேவிஸ் அழுதாள். அடக்க முயலவே இல்லை. டெல்மர் காபி போடுகிறேன் என்று நழுவப் பார்த்தார். "இருப்பா, வேலை முடியலை," என்று ஆர்லோ அவரைத் தடுத்தார். பிறகு மேசையில் நின்ற மூன்று தோட்டாக்களை ஒவ்வொன்றாக ஓரமாகத் தள்ளி, நாற்பத்து நான்கை மட்டும் அவள் முன்னால் நகர்த்தினார்.

"கேளு. முப்பத்தெட்டுன்னா நீ கடையில வாங்கிடுவே. கீழே மேசையைப் பூட்டிடுவே. பூட்டிட்டா நான் எங்கே போய் உக்காருவேன் சொல்லு? இதுன்னா வீட்டுலதான் கட்டணும். நீ கட்டு. மருந்தைக் கம்மியா போடு, மெதுவா தள்ளும், உதைக்காது. நான் பக்கத்துல உக்காந்து கூடு துடைச்சுத் தர்றேன். துடைக்கிறதுல என்ன தப்பு வந்துடப் போகுது?"

ஆகட்டும் என்பதுபோல் அவள் தலையை அசைத்தாள்.

டெல்மர் சீட்டை எடுத்து, பழைய எண்ணின்மேல் அதே எண்ணை மறுபடி அழுத்தி எழுதினார். "பத்து மாசம் ஆகும்," என்றார். "வேணும்னா மத்தவங்களைத் தள்ளி வச்சுட்டு சீக்கிரமே..."

"வேணாம். உனக்கு அது வழக்கமில்ல," என்றார் ஆர்லோ. "பத்து மாசத்துல மேவிஸ் வந்து வாங்கிப்பா."

அவள் வருவாள் என்றார், நாங்கள் வருவோம் என்று சொல்லவில்லை.

கடைசியாக டெல்மர் ஒரு பழுப்புக் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துவந்தார். கைப்பிடிக் கட்டையை அவர் துப்பாக்கி வைத்திருப்பவரின் கைக்கு ஏற்றாற்போல்தான் செதுக்குவார், அதற்குக் கையைக் காகிதத்தில் வைத்து வரைந்துகொள்ள வேண்டும். ஆர்லோ பக்கம் காகிதத்தைத் தள்ளினார். ஆர்லோ அதைத் திருப்பி மேவிஸ் பக்கம் வைத்தார்.

"அவ கையை வரைஞ்சுக்கோ."

மேவிஸ் வலது கையைக் காகிதத்தின்மேல் வைத்தாள். "விரலை நல்லா விரிச்சு வை," என்று ஆர்லோ அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திக்கொண்டார். டெல்மர் குனிந்து சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தார். பென்சில் ஒவ்வொரு விரலாக ஏறி இறங்கி, கட்டைவிரலைச் சுற்றி மணிக்கட்டுக்கு வந்தது. அங்கே ஆர்லோவின் விரல் காகிதத்தில் படிந்திருந்தது. டெல்மர் அதை எடுக்கச் சொல்லவில்லை. அதையும் சுற்றியே கோட்டை இழுத்துக்கொண்டு போனார்.