நோரீன் ஆன்ட்டியின் உதடு

டார்லிங் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர் நீச்சல் குளத்துச் சுவரில் எங்கள் பழங்குடிப் பெரியவர்கள் ஏழு பேரின் முகங்களை வரைவதென்று எங்கள் ஆட்கள் கூடி முடிவு செய்தார்கள். நோரீன் ஆன்ட்டியின் முகம் என் பங்குக்கு வந்தது.

நான்கு சனிக்கிழமைகள் என் எதிரே உட்கார்ந்தார். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.

"பத்து வயசுல இந்தக் குளத்துக்குள்ள ஓடி வந்தேன். கறுப்புப் பிள்ளைக்கு இடமில்லன்னு குளத்துக் காவக்காரன் முடியப் பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டான். அந்த மூஞ்சியத்தான் வரையணும். சிரிச்ச மூஞ்சி வேணும்னா வேற எவளையாவது கூப்பிடு."

அப்படியே வரைந்தேன்.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்பு நகரசபை அதிகாரி கிரெய்க் ஹாலோரன் பார்க்க வந்தார்.

"இந்தம்மா ஏன் அடிக்க வர்ற மாதிரி பாக்குறாங்க? குழந்தைங்க வர்ற இடம், லியோனி. வாய மட்டும் மாத்திடு. இல்லன்னா அந்த மூஞ்சிக்கு வெள்ளையடிச்சிட்டு ஆறு பேரோட திறந்துடுவோம்."

"வெள்ளையடிக்கிறதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே" என்றேன்.

அவர் முகம் சிவந்து போய்விட்டது. ஆனால் அவர் போன பிறகு எனக்குப் பயம் வந்தது. முகமே இல்லாமல் போவதற்கு இது மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, உதட்டின் இரண்டு ஓரங்களையும் நகமளவு மேலே தூக்கினேன்.

விழாவன்று துணி விலகியதும் கூட்டம் கைதட்டியது. ஆன்ட்டி தட்டவில்லை. கைத்தடியை ஊன்றி நேரே என்னிடம் வந்தார்.

"யாருடி இவ?"

"நீங்கதான் ஆன்ட்டி. வெள்ளையடிச்சிடுவேன்னு அந்த ஆளு..."

"அடிக்கட்டுமே! அது அவன் செஞ்சதா இருக்கும். இது நீ செஞ்சது. வெளிய தள்ளினவனப் பாத்து என்னச் சிரிக்க வச்சிட்டியேடி."

மேடையில் கிரெய்க் நல்லிணக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் கொட்டகையிலிருந்து ஏணியும் பெயிண்டும் கொண்டுவந்தேன்.

"லியோனி, இறங்கு" என்று மைக்கிலேயே அதட்டினார்.

ஏறினேன். என்னை இறக்க ஏணியைப் பிடிக்க அவர் வந்தபோது எங்கள் ஆட்கள் எழுந்து குறுக்கே நின்றார்கள். யாரும் யாரையும் தொடவில்லை.

உதட்டை இறக்கக் கால் மணி நேரம் ஆனது. திரும்பிப் பார்த்தேன்.

"இடது பக்கம் இன்னும் இளிக்குது" என்றார் ஆன்ட்டி.

அதையும் இறக்கினேன்.

படத்தில் கைவைக்க அதன்பிறகு எவரும் துணியவில்லை. ஆன்ட்டி என்னோடு பேசி இரண்டு வருடமாகிறது. கடையில் என்னைக் கண்டால் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்.