பிறந்த தேதி

பேனரில் தேதியைத் தப்பாக அடித்துவிட்டார்கள் என்றுதான் தேவானை முதலில் நினைத்தாள். குடியிருப்பு வாசலில் அதைக் கட்டிக்கொண்டிருந்த ஆளை நிறுத்தினாள்.

"அண்ணே, பிறப்பு ரெண்டாயிரத்து இருபத்தொண்ணுன்னு போட்டுக்கீது பாருங்க. எங்க நைனாவுக்கு அறுபது வயசு."

அவர் ஏணியிலிருந்தே குனிந்து பார்த்தார். "குடுத்ததே அப்படித்தாம்மா. பாஸ்டர் ரெண்டு தபா படிச்சிப் பாத்துட்டு சரின்னாரு."

சகோ. பொன்ராஜ். பிறப்பு 14.03.2021. கர்த்தருக்குள் நித்திரை 02.12.2025. படத்தில் இருந்தவருக்கு மீசை இல்லை. அவளுக்குத் தெரிந்த அப்பாவுக்கு மீசைதான் முகமே.

பன்னிரண்டு வருடம் கழித்து அந்த வாசலுக்குள் நுழைந்தாள். பத்தொன்பது வயதில் ஒரு பையோடு வெளியேறியவள். அம்மாவை மட்டும் மாதம் ஒருமுறை தி.நகர் பஸ் ஸ்டாண்டில் பார்ப்பாள். அப்பா பேச்சை எடுத்தால், "அவரப் பத்திப் பேசறதா இருந்தா நான் கெளம்பறேன்" என்று எழுந்துவிடுவாள். அம்மா வாயை மூடிக்கொள்வாள். அதனால் அவளுக்கு எதுவும் தெரியாது.

கீழ்த்தளத்து நடையில் ஃப்ரீசர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அம்மா அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் அழவில்லை. நகர்ந்து இடம் விட்டாள்.

"நந்தனம் சிக்னலாண்ட நெஞ்சப் புட்சிக்கினாராம். ஆட்டோவ ஓரங்கட்டி, சவாரிய எறக்கி வுட்டுட்டு, அப்பறம்தான் சாஞ்சாராம்."

"அந்தத் தேதி இன்னாம்மா?"

"ஞானஸ்நானம் எடுத்த நாளு. நம்ம கடல்லதான் முக்கி எடுத்தாங்க. அன்னிக்குதான் பொறந்தேன்னு சொல்லிக்கினே இருப்பாரு. செத்தா அதத்தான் போடணும்னும் சொல்லி வெச்சிருந்தாரு." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அன்னிலேர்ந்து குடி இல்ல, அடி இல்ல. எனக்குத் தலவலின்னா அவரே பாத்திரம் தேய்ப்பாரு. மொதல்ல பயந்துட்டேன்டி. யாரோ ஒருத்தரு வூட்டுக்குள்ள வந்து குந்திக்கினு கீற மாரி இருந்துச்சு."

தேவானை கண்ணாடி வழியே பார்த்தாள். மழித்த மேலுதடு. சாந்தமான, அறிமுகமில்லாத ஒரு வாய்.

வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண்மணி வந்து அவள் அருகில் உட்கார்ந்தாள். சபையில் மூத்தவள் போலிருந்தது. "நீதான் தேவானையா?" என்று கேட்டுக்கொண்டே அவள் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முழங்கைக்குக் கீழே எலும்பு புடைத்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இந்தக் கைதானேம்மா?"



தேவானைக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது ஆட்டோவின் ஜாக்கி ராடால் அப்பா அடித்த கை அது. மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் அவரே சொன்னார். அம்மா தலையாட்டினாள். தேவானையும் அதையேதான் எல்லோரிடமும் சொல்லி வந்தாள். கட்டிய புருஷனிடம்கூட மாடிப்படிதான்.

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"உங்க அப்பாதான். மாசக் கடைசி ஞாயித்துக்கெழம சாட்சி சொல்லுவாரு. மைக்கப் புட்சிக்கினு, எம்பொண்ணு கைய நானே ஒடைச்சேன்னு அழுவாரு. நாங்களும் அழுவோம். சபைல அத்தினி பேருக்கும் உன்னத் தெரியும்மா. நாலு வருஷமா உனக்காக ஜெபம் பண்ணிக்கினு கீறோம்."

தேவானை நிமிர்ந்து பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஐம்பது பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் அவளை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை உருவி முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

பாஸ்டர் அவளிடம் வந்தபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. நாற்பது வயதிருக்கும். தூங்காத கண்கள்.

"சிஸ்டர், பெட்டிய மூடறதுக்கு முன்னாடி நீங்க ஏதாவது சொல்றீங்களா?"

"எல்லார்கிட்டயும் சொன்னாரே, எங்கிட்ட ஏன் வரல?"

"நானும் போகச் சொன்னேன். எந்த மூஞ்ச வெச்சிக்கினு போவேன் பாஸ்டர்னு கேட்டாரு. கர்த்தர் மன்னிச்சிட்டாரு, அது போதும்னு நானும் விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

"பொறந்ததே நாலு வருஷம் முன்னாடின்னா, என் கைய ஒடைச்சது யாரு?"

"அது பழைய மனுஷன் சிஸ்டர். மறுபடியும் பிறக்கறதுன்னா அதான். அந்த மனுஷன் தண்ணிக்குள்ள செத்துட்டான். எழுந்து வந்தவரு வேற."

"செத்துட்டாரா?"

"ஆமா. அப்படித்தான் விசுவாசிக்கிறோம்."

"அப்ப அன்னிக்கே எனக்கு ஏன் சொல்லி அனுப்பல?" அவள் குரல் ஓங்கவில்லை. "அந்தச் சாவுக்கு வந்திருப்பேனே. எனக்குத் தெரிஞ்சது அவருதான். இவர எனக்கு யாருன்னே தெரியாது."

பாஸ்டர் கையிலிருந்த வேதப்புத்தகத்தைத் திறக்கப் போனார். பிறகு திறக்காமலே வைத்துக்கொண்டார். பின்னால் அம்மா பெட்டியின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியில் அல்ல, உள்ளே பனித்திருந்த கண்ணாடி அது.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு வாரமாகப் பெய்த மழை தேங்கியிருந்தது. கடல் பக்கமாதலால் நாலடி தோண்டினாலே ஊற்று. குழி வெட்டியவர் பெயின்ட் பக்கெட்டால் தண்ணீரை இறைத்து இறைத்து ஊற்றினார். இறைக்க இறைக்க ஊறியது. கடைசியில், "இதுக்கு மேல ஆவாது, எறக்கிடுங்க" என்றார்.

சபையார் பாட, நான்கு பேர் கயிற்றை விட்டார்கள். பெட்டி தண்ணீரைத் தொட்டது. கயிறு தளர்ந்தது. பெட்டி உள்ளே போகவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, குழியின் சுவரில் டொக்கென்று இடித்து, மிதந்தது.

பாட்டு நின்றது. அம்மா, "ஐயோ" என்று மட்டும் சொன்னாள். யாரோ கழி கேட்டு ஓடினார்கள்.

"பயப்படாதீங்க, மண்ணு வுழுந்தா தானா எறங்கும்" என்றார் குழி வெட்டியவர். "வூட்டு ஆளுங்க மொதல்ல ஒரு பிடி போடுங்க."

தேவானை குனிந்தாள். ஆனால் மண்ணைக் கையால் அள்ளவில்லை. குவியலில் செருகியிருந்த மம்முட்டியை உருவினாள். வாரிப் போட்டாள். மூடியின் மேல் சத்தமாக விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. பெட்டி மெல்ல அமிழ்ந்தது. தண்ணீர் மூடியின் விளிம்பில் ஏறி நடுவுக்கு வந்தது. சில குமிழிகள் வந்தன. பிறகு கலங்கல் மட்டும் இருந்தது.

மழை வலுத்தது. வெள்ளைச் சேலைக்காரர்கள் குடைகளை விரித்துக்கொண்டார்கள். அவள் நிறுத்தவில்லை. சேலையெல்லாம் சேறு.

"போதும்மா. குடு, நான் பாத்துக்கறேன்." குழி வெட்டியவர் மம்முட்டியை வாங்கக் கை நீட்டினார்.

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போய், குவியலின் அந்தப் பக்கத்திலிருந்து வாரத் தொடங்கினாள்.