இரண்டு விரல் உயரம்

மகன் இறந்த மறுநாள் காலை, வீடு முழுக்க ஆட்கள் இருக்கும்போதே, கண்டக்டர் யாரிடமும் சொல்லாமல் கொல்லைப்புறமாக வெளியேறினார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் அவருடைய கறுப்பு ஷூ.

முப்பது வருடம் பேருந்தில் நின்றபடியே சீட்டுக் கிழித்ததில் அவர் பாதம் இரண்டும் தட்டையாகியிருந்தன. ஆளும் சற்றுக் குள்ளம். மகன் மட்டும் தாய்மாமனைக் கொண்டு அவரைவிட உயர்ந்துவிட்டான். "பஸ் கம்பியைப் பிடிக்க எங்கப்பா எகிறணும், நான் குனியணும்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் கூட்டிச் சொல்லிச் சிரிப்பான். மூன்றே நாள் காய்ச்சல். அந்தச் சிரிப்பு போய்விட்டது.

அவன் வேலை பார்த்த கிடங்கில் ஒரு கைப்பந்து அணி இருந்தது. ஆறு பேர். அளந்து வைத்ததுபோல் ஆறு பேரும் ஒரே உயரம். இப்போது மிச்சமிருந்த ஐந்து பேரும் சவப்பெட்டியைத் தாங்களே சுமப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆறாவது தோள் யாருடையது என்றதும் கண்டக்டர், "நான் தூக்கறேன்" என்றார்.

மைத்துனர் அவர் தோளைத் தட்டினார். "வேணாம் மாப்ள. கோவிச்சுக்காதீங்க. வரிசையில ஒருத்தர் மட்டும் கட்டையா இருந்தா பாரம் அவர் மேல உக்காராது. கையைத் தூக்கிட்டுச் சும்மா நடந்து வரணும். பார்க்க நல்லாவா இருக்கும்? நான் நிக்கறேன். நீங்க முன்னாடி நடங்க."

சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அது அப்படி வலித்தது. பெற்றவன் ஒருமுறைகூடத் தாங்காமல் பிள்ளையை மண்ணுக்குக் கொடுப்பதா? சற்று நேரத்தில் அணியின் கேப்டன் வந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதபோது, அழுகைக்கு நடுவிலும் கண்டக்டரின் மனம் ஒன்றை அளந்தது. அந்தப் பையனின் தோளுக்கும் தன் தோளுக்கும் இரண்டு விரல் வித்தியாசம். இரண்டே விரல்.

ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் இன்சோல் அக்காவின் கடை. கால்வலிக்காரர்களுக்கு ஷூவுக்குள் வைக்கும் அட்டை செய்து தருபவள். உயரம் வேண்டும் என்று கூச்சத்தோடு வருபவர்களும் உண்டு. கண்டக்டர் ஷூவை மேசைமேல் வைத்து, இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

"இவ்ளோ ஏத்தணும்மா."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தாள். "என்னண்ணே, இந்த வயசுல யாரைப் பொண்ணு பார்க்கப் போறீங்க? இல்ல, பையன் கல்யாண போட்டோவுக்கா?"

"பையனைத் தூக்கணும்மா."

"ஐயோ, இடுப்பு பிடிச்சுக்கும். எவ்ளோ பெரிய பையன்?"

"இருபத்தாறு வயசு" என்றார் அவர். "சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கறாங்க."

அவள் கையிலிருந்த கத்தரி அப்படியே நின்றது. சிரித்த வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சிடுங்கண்ணே. என் நாக்குல இடி விழ" என்றாள். ஏற்கெனவே காத்திருந்த பெரியவரிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் எழுந்து, தன் முறையைக் கண்டக்டருக்குக் கொடுத்துவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டார். ஆண்டவர் சில நாட்களில் இப்படித்தான் வருகிறார், முன்பின் தெரியாதவர்களின் உருவத்தில்.

அக்கா தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தன் மடியில் வைத்து அளந்தாள். பஞ்சுபோல் மெத்தென்றிருந்த ஷீட்டை எடுத்தவள் அதைத் தள்ளி வைத்துவிட்டு, கெட்டித் தக்கையை எடுத்தாள்.

"நடக்கறதுக்குச் செய்யறது வேற, சுமக்கறதுக்குச் செய்யறது வேற. மெத்துன்னு வச்சா பாரம் ஏறினதும் அமுங்கிடும், உயரம் போயிடும். குதிகாலை மட்டும் தூக்கினா முன்னால சரிஞ்சிடுவீங்க. பாதம் முழுக்க ஏத்தி, நடுவுல ஒரு மேடு வைக்கறேன். உங்க தட்டைப் பாதம் அதுல உக்காந்துக்கும்."

தக்கையைச் செதுக்கினாள், தேய்த்தாள், மேலே மெல்லிய தோலை ஒட்டினாள். பசை காய்ந்ததும் ஷூவை மாட்டச் சொல்லி, மூலையில் கிடந்த ரப்பர் மூட்டையை அவர் தோளில் ஏற்றினாள். "சந்து முனை வரைக்கும் போயிட்டு வாங்கண்ணே." அவர் போய்த் திரும்பி வரும்வரை, விழுந்தால் பிடிக்க இரண்டடி பின்னாலேயே நடந்து வந்தாள்.

வீட்டில் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள், குனிந்து ஷூவைப் பார்த்தாள். நேற்றிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காதவள், மண்டியிட்டு, தளர்ந்திருந்த நாடாவை இறுக்கிக் கட்டினாள். "அவன் பார்த்தா விழுந்து விழுந்து சிரிப்பான்" என்றாள். பிறகு அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குப் பிரார்த்தனை முடிந்து, கல்லறைத் தோட்டத்துச் சாலை முனைவரை பெட்டி வேனில் வந்தது. கண்டக்டர் நேராகப் போய் முன்வரிசையில் இடப்பக்கம் நின்றார். மைத்துனர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கண்டக்டரின் மனைவி தன் அண்ணன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றான் பின்னால் நின்ற கேப்டன். பெட்டி எழுந்தது.

எழுந்ததும் மொத்தப் பாரமும் கண்டக்டர்மேல் வந்து இறங்கியது. அவர் எதிர்பார்த்தது தன் பங்கை. வந்ததோ எல்லார் பங்கும். கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் பாதம் அசையவில்லை. பத்தடி நடந்தார். உள்ளுக்குள் ஏதோ நிறைந்தது. என் பிள்ளை, என் மேல் இருக்கிறான்.

"அப்பா" என்று பின்னாலிருந்து கேப்டன் கிசுகிசுத்தான். "என்னப்பா இது, எங்க தோள்ல ஒண்ணுமே இல்ல. நீங்க எப்படி இவ்ளோ உயரமா இருக்கீங்க?"

"ஷூவுக்குள்ள அட்டை வச்சிருக்கேன். உங்களுக்குச் சமமா வரணும்னு."

"ஐயோ, நாங்க ஷூவைக் கழட்டிட்டோம்ப்பா! உங்களுக்குச் சமமா வரணும்னு."

கண்டக்டர் மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தார். சரளைக்கல் சாலையில் பத்து வெறுங்கால்கள். அவர் வரிசையில் வந்து நின்றதைப் பார்த்ததுமே, அடிப்பாகம் தடித்த விளையாட்டு ஷூக்களை வேன் ஓரமாக விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவருக்குச் சொன்னால் மனம் நோகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவரும் வெட்கத்தில் சொல்லவில்லை. ஐந்து பேரும் கைகளை உயர்த்தி, பெட்டி சாயாமல் மட்டும் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார்கள். வலப்பக்கத்துப் பையன் அழுதபடியே நுனிக்காலில் எட்டி எட்டி வந்தான், எப்படியாவது தோளில் அது படாதா என்று.

இப்படியே போனால் மகன் முழுதாகத் தனக்கே. கண்டக்டருக்கு அது தெரிந்தது. இன்னும் நாலடி அப்படியே நடக்கவும் நடந்தார். பிறகு நின்றார்.

"இறக்குங்கப்பா."

"வலிக்குதாப்பா?"

"இல்லடா. போய் ஷூவைப் போட்டுட்டு வாங்க. நீங்களும் தூக்கணும்ல? அவன் உங்களுக்கும்தானே."

பெட்டியை வேனின் பின்பலகையில் வைத்தார்கள். ஐந்து பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஷூ மாட்டினார்கள். கல் குத்தி ஒருவனுக்கு ரத்தம் வந்திருந்தது. மைத்துனர் தன் கைக்குட்டையைக் கிழித்து அவன் காலில் கட்டிவிட்டார்.

மறுபடி தூக்கினார்கள். இந்த முறை ஆறு தோளிலும் ஒன்றுபோல் உட்கார்ந்தது. கண்டக்டருக்கு வந்தது ஆறில் ஒரு பங்கு. அது லேசாக இருந்தது. லேசாக இருந்ததுதான் அவரால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே நடந்தார். அவர் கால் தடுமாறவில்லை. மற்றவர்களின் காலோடு சேர்ந்து, ஒரே தாளமாக, வளைவு தாண்டி, இரும்புக் கேட்டைத் தாண்டிப் போனது.

கேட்டுக்கு உள்ளே எல்லோரும் நின்றார்கள். அவர் மட்டும் இன்னோர் அடி எடுத்து வைக்கப் பார்த்தார்.

"வந்துட்டோம்ப்பா" என்றான் கேப்டன். "விடுங்க."

"அதுக்குள்ளயா?" என்று கேட்டார் கண்டக்டர்.