அரைவைத்தியரும் கருப்புக் குஞ்சும்

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இந்தக் கதையில் வருகிறவர் யாரையும் கொன்றதில்லை. மருந்துக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக, தோல் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களின் வாசலில் ஆயுசில் பாதியைக் கழித்தவர், அவ்வளவுதான். ஓய்வு பெற்றதும் கை அரித்தது. சொந்தத்தில் யார் தும்மினாலும் மாத்திரைப் பெயர் சொல்ல ஆரம்பித்தார். மச்சினனின் சாதாரணத் தலைவலிக்கு இவர் கொடுத்த மாத்திரையில் அவன் ஒரு நாள் முழுக்க எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் முதல் வேலையாக அக்கா புருஷனுக்கு 'அரைவைத்தியர்' என்று பெயர் வைத்தான். அந்தப் பெயர் பசை போட்டது மாதிரி ஒட்டிக்கொண்டது.

மனிதர் சிரித்துச் சமாளிப்பார். உள்ளுக்குள் எரியும். ஏனென்றால் மருத்துவ உலகமே தன் உள்ளங்கையில் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். ஊரில் எந்த டாக்டருக்கு டீயில் எத்தனை சர்க்கரை, எந்த டாக்டர் மாமியார் வந்திருந்தால் கிளினிக்கிலேயே தங்கிவிடுவார் என்பதெல்லாம் அத்துபடி. எந்த டாக்டரின் கோழிக் கிறுக்கலையும் கண்ணாடி போடாமல் வாசிப்பார். 'தெரியாது' என்ற சொல் மட்டும் அவர் வாயில் வந்ததே இல்லை. அது தொழிலுக்கு ஆகாது என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இவர் ஓய்வு பெற்ற மாதமே மனைவி பின்கட்டில் ஆறு கோழிக்குஞ்சுகள் வாங்கி விட்டாள். பொழுதுபோக்குக்கு என்று எல்லோரிடமும் சொன்னாள். புருஷன் நாள் முழுக்க வீட்டில் இருந்தால் தப்பித்து ஓட ஒரு இடம் வேண்டாமா? குஞ்சுகள் வளர்ந்து, பஞ்சு உதிர்ந்து, பாதி இறகோடு அலங்கோலமாகத் திரிந்தன. அதில் கருப்பாக இருந்தது ஒன்று. அதற்குக் கருப்பி என்று பேர்.

ஒரு நாள் காலையில் மனைவி வாசற்படியில் நின்று சொன்னாள்.

"ஏங்க, கருப்பி சரியில்ல."

மச்சினனும் அன்று வந்திருந்தான். மூவரும் போய்ப் பார்த்தார்கள். மற்ற ஐந்தும் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்க, கருப்பி மட்டும் வேலியோரம் தனியாக நின்றது. இறகையெல்லாம் சிலிர்த்து உப்பிக்கொண்டு, சிறகைத் தொங்கவிட்டு, நின்ற நிலையிலேயே கண்ணை மூடி மூடித் திறந்தது.

"தூங்குது," என்றார் அரைவைத்தியர். "கோழித் தூக்கம்னு சும்மாவா சொன்னாங்க? கோழி அப்படித்தான் தூங்கும்."

"மத்ததெல்லாம் தூங்கலியே," என்றாள் மனைவி.

"மாமா சொல்லிட்டாருல்ல, விடுக்கா," என்றான் மச்சினன். "நாளைக்குக் குழம்புதான்."

அரைவைத்தியருக்குச் சுருக்கென்று தைத்தது. "மாப்ளே, இந்தக் குஞ்சைப் பொழைக்க வைக்கிறேன். வச்சா?"

"வச்சா உங்களை இனிமே முழுவைத்தியர்னு கூப்பிடறேன். எல்லார் முன்னாடியும். செத்துச்சுன்னா, கால்வைத்தியர்."

கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி நிறைய இலவச மாதிரி மருந்துகள் இருந்தன. காலாவதித் தேதி என்பது பயந்தவர்களுக்காக அச்சடிப்பது என்பது அவர் சித்தாந்தம். பெட்டியைத் திறந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, இருமலுக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று, பசி எடுக்க ஒன்று என்று பொறுக்கினார். மனிதனின் எடையைக் குஞ்சின் எடையால் வகுத்து, சொட்டுக் கணக்கில் அலகுக்குள் விட்டார். கருப்பி தலையை உதறியதில் பாதி அவர் சட்டைக்குப் போனது. சட்டைக்கு அப்புறம் இருமல் வரவில்லை.

மறுநாள் எச்சத்தில் ரத்தம் இருந்தது.

மனைவி ஓர் அட்டைப்பெட்டியில் துண்டை விரித்துக் குஞ்சை வைத்தாள், எச்சத்தில் கொஞ்சத்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள், செருப்பை மாட்டினாள். அரைவைத்தியர் பின்னாலேயே ஓடினார். டாக்டரோடு டாக்டராகக் கலந்து பேச ஒரு ஆள் வேண்டாமா என்று தெருவில் பார்த்தவர்களிடம் சொல்லிக்கொண்டே போனார்.

கால்நடை மருத்துவமனையில் இருந்தது ஒரு இளம் டாக்டரம்மா. மேசையில் ஒரு ஆடு நின்று போன அடையாளம் இருந்தது. உதவியாள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நானும் இந்த ஃபீல்டுதான், டாக்டர்," என்று உட்கார்ந்தார் அரைவைத்தியர்.

"கோழியா?"

"இல்ல, பொதுவா. மருந்து."

"சரி. எப்பலேர்ந்து சாப்பிடல?"

"வயிறு கொஞ்சம் மந்தம்னு நெனைக்கிறேன், டாக்டர். அதான் ஒரு பசி சிரப்பும், லேசா இருமல் மருந்தும்..."

"கோழி இருமிச்சா?"

"இருமற மாதிரி ஒரு முகபாவம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "நான் கேட்டது, எப்பலேர்ந்து சாப்பிடல?"

"முந்தாநாள் காலையிலேர்ந்து," என்றாள் மனைவி. "அதுக்கு முந்தின நாளே கொஞ்சம் கம்மிதான்."

எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு டாக்டரம்மா வந்தாள். ரத்தக் கழிச்சல். ஈரத் தரையில் வளர்கிற கிருமி. இளம் குஞ்சுகளைத்தான் பிடிக்கும். தண்ணீரில் கலக்கப் பொடி கொடுத்தாள். அந்தத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் எட்டக்கூடாது, மற்ற ஐந்துக்கும் அதையே கொடுக்க வேண்டும், இதைத் தனியாகக் கதகதப்பாக வைக்க வேண்டும், கூட்டில் ஈர மரத்தூளை வாரிக் கொட்டிவிட்டுக் காய்ந்ததைப் போட வேண்டும்.

"நேத்துகூட தீனிகிட்ட வந்து கொத்துச்சே, டாக்டர். நான் கண்ணால பார்த்தேன்," என்றார் அரைவைத்தியர், விடாமல்.

"கொத்தும். பறவைங்க சீக்கைக் காட்டிக்காது, சார். காட்டினா மத்தது சேர்ந்து விரட்டும். அதனால எல்லாத்தோடயும் வந்து நின்னு கொத்துற மாதிரி கொத்தும். முழுங்குதான்னு பாக்கணும். எளைச்சதும் தெரியாது, இறகு மறைச்சிடும். இங்க தொடுங்க."

அவர் விரலைப் பிடித்துக் குஞ்சின் நெஞ்சில் வைத்தாள். இவ்வளவு உப்பலான இறகுக்குக் கீழே சதையே இல்லை. எலும்பு கத்தி முனை மாதிரி விரலில் இடறியது. அரைவைத்தியருக்குப் பந்தயம் கொஞ்ச நேரம் மறந்தே போனது.

"சந்தேகம் இருந்தா போன் பண்ணுங்க," என்று எண்ணை எழுதிக் கொடுத்தாள். "அந்த சிரப்பையெல்லாம் தூக்கிப் போடுங்க."

தூக்கிப் போடவில்லை, கட்டிலுக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினார். ஆனால் மற்றதில் மனிதரைக் குறை சொல்ல முடியாது. அட்டைப்பெட்டிக்கு மேல் விளக்குக் கட்டினார். பெட்டியை எட்டிப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. கருப்பி ஒரு தானிய மணியைக் கொத்தினால் குனிந்து தொண்டையைப் பார்த்தார், உள்ளே இறங்குகிறதா என்று. சாப்பாட்டு மேசையில் எச்சத்தின் நிறத்தை வர்ணித்தார். போனில் விசாரித்தவர்களுக்கெல்லாம் 'கழிச்சல்' பற்றிப் பாடம் எடுத்தார். பலர் விசாரிப்பதை நிறுத்தினார்கள்.

கூட்டைச் சுத்தம் செய்வது மனைவியின் பங்கு. ஈர மரத்தூளை வாளி வாளியாக வாரிக் கொட்டினாள். இரண்டு வாளிக்கு ஒருமுறை சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நிக்காதம்மா, ஈரம் ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க," என்றார் இவர், பெட்டிப் பக்கத்திலிருந்து. "அதென்ன, கொளுத்துற வெயில்ல ஸ்வெட்டர்?"

"லேசா குளிருது," என்றாள் அவள்.

"குஞ்சுக்கும் குளிரும். அந்த விளக்கை இன்னும் கொஞ்சம் எறக்கிக் கட்டு."

கருப்பி தேறியது. முதலில் கண் திறந்தது, பிறகு சிறகு மேலே ஏறியது, ஒரு காலையில் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவரின் மூக்கையே ஒரு கொத்துக் கொத்தியது. அரைவைத்தியர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். அப்படி ஒரு சந்தோஷம். கையோடு மச்சினனை மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார்.

மச்சினன் வந்தான். பின்கட்டுக்குப் போய், ஐந்தோடு ஆறாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த கருப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். வேறு குஞ்சு வாங்கி வைத்துவிட்டாரோ என்று சந்தேகம். அக்கா சத்தியம் செய்த பிறகுதான் நம்பினான்.

மூவரும் மேசையில் உட்கார்ந்தார்கள். அரைவைத்தியர் நெஞ்செலும்பு முதல் விளக்கின் உயரம் வரை விளக்கினார். அவளும் கூடவே சாப்பிட்டாள். சாப்பிட்டாள் என்றுதான் யாரும் சொல்வார்கள். கை தட்டுக்கும் வாய்க்கும் போய் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு வாரமாகத் தொண்டையையே பார்த்துப் பழகிய கண் ஒன்று அந்த மேசையில் இருந்தது. அது சும்மா இருக்கவில்லை. சோற்றைப் பிசைந்தாள், ஓரத்துக்குத் தள்ளினாள், இரண்டு பருக்கையை எடுத்து வாயில் வைத்தாள், தண்ணீரைக் குடித்தாள். தொண்டையில் வேறொன்றும் இறங்கவில்லை. தட்டில் போட்ட சோறு போட்டபடி இருந்தது.

அரைவைத்தியரின் பேச்சு பாதியில் நின்றது.

ஸ்வெட்டர். சுவரில் சாய்ந்து சாய்ந்து நின்றது. பகலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடி மூடித் திறந்தாளே, அதையும் கோழித் தூக்கம் என்று கேலி செய்திருந்தார்.

"ஒத்துக்கறேன், மாமா," என்று மச்சினன் எழுந்து நின்று கும்பிட்டான். "இன்னைலேர்ந்து நீங்க முழுவைத்தியர்தான்."

அது அவர் காதில் விழவே இல்லை. எச்சில் கையைத் துடைக்காமல் இடது கையால் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். ஸ்வெட்டர் கைக்குள் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. கைக்கடிகாரத்தின் பட்டை கடைசித் துளையையும் தாண்டி, ஊசியால் குத்திய புதுத் துளை ஒன்றில் மாட்டியிருந்தது.

"என்னம்மா இது?"

"ஒண்ணுமில்லங்க. குஞ்சு தேறட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அந்தப் பெட்டியைத் திறப்பீங்க."

மச்சினன் சிரிக்கப் போய், அக்காவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். "டாக்டர்கிட்ட போலாம்க்கா, இப்பவே. மாமா, எந்த டாக்டர் நல்லா பார்ப்பாரு? உங்களுக்குத் தெரியாததா?"

அரைவைத்தியர் யோசித்தார். ஒவ்வொரு முகமாக வந்தது. இவருக்கு டீயில் சர்க்கரை இரண்டு. அவருக்குப் பேனா கொடுத்தால் பிடிக்கும். இன்னொருவருக்கு நாட்காட்டி. எல்லார் அறைக்குள்ளும் நோயாளிகளை முந்திக்கொண்டு நுழைந்திருக்கிறார். ஆனால் அவர்களில் எவர் நோயாளியின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பார் என்பது மட்டும் அவருக்கு நினைவில் வரவில்லை.

எழுந்து போய், மாடத்தில் வைத்திருந்த துண்டுக் காகிதத்தை எடுத்து, கால்நடை மருத்துவமனை எண்ணை அழுத்தினார்.

"கருப்பி எப்படி இருக்கு, சார்?" என்றாள் டாக்டரம்மா.

"அது நல்லா இருக்கு, டாக்டர். வேற ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கக்கூடாது. உங்க அம்மாவுக்கு உடம்பு முடியலன்னா எந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவீங்க?"

"யாருக்கு, சார்?"

"வீட்ல. எங்க வீட்டம்மாவுக்கு."

"சொல்றேன், எழுதிக்குங்க. எப்பலேர்ந்து சாப்பிடல?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அவருக்காகப் பதில் சொல்ல அவள் வாயைத் திறக்கவில்லை.

"தெரியல, டாக்டர்," என்றார் அரைவைத்தியர்.