பக்கத்து இருக்கை பிரேக்

கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைக் குத்துவதற்குக் குடும்ப ஜெபத்தைவிட வசதியான இடம் கிடையாது. கண்ணைத் திறந்துகொண்டு சொன்னால் எதிராளி பதில் சொல்லிவிடுவார். ஜெபத்தில் சொன்னால் யார் வாயைத் திறப்பது? குறுக்கே பேசினால் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருந்தவரை மறித்த பாவம் வேறு வந்து சேரும். சின்னவளுடைய அண்ணன் இந்த வித்தையில் கரை கண்டவர்.

சின்னவள் என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பதைத் தாண்டிவிட்டாள். கடைசியாகப் பிறந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. மெழுகில் ஈறு வடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, வாய்க்குப் பொருந்துகிறவரை ராவுவாள். அவள் கை பட்ட பல்லை மாட்டிக்கொண்டு வேற்றூர் கல்யாணத்தில்கூடத் தைரியமாகச் சிரிக்கலாம். கூடத்தின் முதலாளியம்மா இன்னொரு ஊரில் கிளை திறக்கிறார். "அங்க நீதான் எல்லாம். நாளைக்குக் காலையில முடிவு சொல்லிடு" என்று சொல்லிவிட்டார்.

விஷயத்தை அவள் அண்ணனிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "நான் ஏம்மா தடுக்கப்போறேன்? ஆண்டவர் சித்தம் எதுவோ அது நடக்கட்டும்" என்றார். அண்ணன் "சித்தம்" என்று சொன்னாலே எங்கேயோ ஒரு பூட்டு விழப்போகிறது என்று அர்த்தம்.

விழுந்தது. அன்று சாயங்காலம் எல்லோரும் அப்பாவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அண்ணனும் அண்ணியும் மாடியில் இருப்பவர்கள், ஜெபத்துக்கு மட்டும் கீழே இறங்கி வருவார்கள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பரம தகப்பனே, வயதான தகப்பனை விட்டுவிட்டு உலக மேன்மையைத் தேடி ஓடுகிற இருதயங்களை நீர் பார்க்கிறீர். அந்தக் கதவு உம்முடைய சித்தமில்லை என்றால் அதை இன்றைக்கே அடைத்துப்போடும்."

"ஆமென்" என்றார் அப்பா.

"பாத்தியா, அப்பாவே சொல்லிட்டாரு" என்பது போல அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டார்.

சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருதயங்களாம்! பன்மை வேறு! அந்த வீட்டில் ஓடுவதற்கு இருந்ததே ஒரு இருதயம்தான். அப்பாவின் ஆமெனைச் சாட்சிக்கு இழுத்தது அதைவிட அநியாயம். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு அப்பாவுக்கு மிஞ்சிய ஒரே சொல் அது. டீ வேண்டுமா என்றாலும் ஆமென். வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டாலும் ஆமென். ரேடியோவில் சோப்பு விளம்பரம் முடிந்தாலும் ஆமென். சோப்புக் கம்பெனிக்குக் கிடைத்த அந்த ஆமெனை வைத்துக்கொண்டுதான் இந்த மனிதர் ஆண்டவருடைய கையெழுத்து என்கிறார்.

அண்ணன் ஒரு நாளாவது அப்பாவின் காலில் காலுறை மாட்டிவிட்டிருப்பாரா? ஞாயிற்றுக்கிழமை சரியாக வந்து நிற்பார். அதற்குள் சின்னவள் அப்பாவுக்குச் சவரம் செய்து, குளிப்பாட்டி, சட்டை போட்டு, தலை வாரி வைத்திருப்பாள். அவர் சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து ஆலயத்தின் முன்வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போவார். "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று சபையே மெச்சும். அவரும் தலையைக் குனிந்து, "எல்லாம் கிருபை" என்பார். அந்தக் கிருபை சோப்பு நுரைக் கையோடு வீட்டில் பக்கெட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்.

அடுத்து அண்ணி. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவள். "எல்லாருக்கும் சமாதானம் தாரும்" என்று மூன்றே வார்த்தையில் முடித்துக்கொண்டாள். பிறகு சின்னவளின் முறை. வழக்கமாக அவளும் சுருக்கமாக முடிப்பவள்தான். அன்று நாக்கு கட்டுக்குள் இல்லை.

"அன்புள்ள ஆண்டவரே, என் அண்ணனுக்காக ஜெபிக்கிறேன்."

அண்ணி இருமினாள்.

"அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துறவர், உமக்குத் தெரியும். அவர் கார்ல பக்கத்து சீட்டுலயும் ஒரு பிரேக் இருக்கு. கத்துக்கிறவங்க ஓட்டுவாங்க, அண்ணன் அமுக்குவார். அது தொழில், நான் குறை சொல்லல. ஆனா வீட்டுக்கு வந்த பிறகும் அவர் காலை எடுக்க மாட்டேங்குறார் ஆண்டவரே! நான் போயிட்டா அப்பாவைக் கழிவறைக்கு யார் கூட்டிட்டுப் போறது, யார் சவரம் பண்றதுன்னு பயம். அந்தப் பயத்துக்கு உம்ம சித்தம்னு பேர் வச்சிருக்கார்."

"ஆமென்" என்றார் அப்பா, நல்ல சத்தமாக.

அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னவளுக்கு உற்சாகம் தலைக்கு ஏறியது.

"இத்தனை வருஷமா நான் ஒருத்திதான். பேர் கேக்கல, புகழ் கேக்கல. என்னைத் தவிர எங்கப்பாவை யாராலயும் பாத்துக்க முடியாது."

சொல்லிவிட்டு ஆமெனுக்காக நிறுத்தினாள். வரவில்லை. அப்பாவின் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "யாராலயும் முடியாது" என்றாள் இன்னும் சத்தமாக.

அதற்கும் ஆமென் இல்லை. சின்னவள் கண்ணைத் திறந்தாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடிக்காத மருந்தை நீட்டினால் எப்படி உதட்டை இறுக்கிக்கொள்வாரோ அப்படி இறுக்கியிருந்தார். சோப்பு விளம்பரத்துக்கே ஆமென் சொல்கிற மனிதர்!

முதலில் அவர்மேலும் கோபம்தான் வந்தது. உங்கள் வாயில் இருக்கிற பல்கூட நான் செய்தது, அதைக் கடித்துக்கொண்டா எனக்கு எதிராக மௌனம் சாதிக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றியது. ஆனால் அந்த இறுகிய உதடு அவளை விடவில்லை. போன வாரம் அண்ணி சவரக் கத்தியை எடுத்துக்கொண்டு, "நான் பண்ணி விடட்டுமா?" என்று வந்தது ஞாபகம் வந்தது. "வேணாம் அண்ணி, தாடைக்குக் கீழ சட்டுனு கீறிடும், என் கைதான் அப்பாவுக்குப் பழக்கம்" என்று அவளே வாங்கி வைத்துவிட்டாள். அப்பா விழுந்த புதிதில் அண்ணன் ஒருமுறை அவரைத் தூக்கப்போனார். "விடுங்க, தோள் பிசகிடும்" என்று தட்டிவிட்டதும் இவள்தான். அன்றைக்கு ஒதுங்கிய மனிதர் சௌகரியமாக ஒதுங்கியே நின்றுவிட்டார். பெண்கள் கூட்டத்தில், "எங்கண்ணனுக்கு இதெல்லாம் ஒன்னும் தெரியாது பாவம்" என்று சொல்லும்போது நாக்கில் எத்தனை தித்திப்பு!

அதோடு போகவில்லை. அண்ணன் எப்படியும் முட்டுக்கட்டை போடுவார் என்று நம்பித்தானே விஷயத்தை அவரிடம் கொண்டுபோனாள்? அவர் தடுப்பார், இவள் தியாகம் செய்து தங்கிவிடுவாள். புது ஊர், புது ஆட்கள் என்ற பயம் தீரும், பழி அவர் தலையில் விழும். அந்த ஊரில் யாருக்கும் இவள் தியாகி என்று தெரியாதே! சீ, என்று வந்தது அவளுக்கு. அண்ணன்மேல் இருந்த கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை. அதில் பங்கு கேட்க அவளே இன்னொருத்தியாக வந்து நின்றாள், அவ்வளவுதான்.

"ஆண்டவரே, கடைசியா சொன்னது பொய்" என்றாள். இந்த முறை கண்ணை மூடவில்லை. "நான் போறேன். அண்ணனுக்கு எல்லாம் சொல்லிக்குடுத்துட்டுப் போறேன். கையை எடுக்க எனக்கும் கத்துக்குடும்."

"ஆமென்" என்றார் அப்பா.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது ஜெபமா, சண்டையா?"

"நீங்க பண்ணது எதுவோ, அதேதாண்ணா."

மறுநாள் காலை அப்பா நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்தார். சின்னவள் கொடுத்த கத்தி அண்ணன் கையில் இருந்தது. சின்னவள் வாசற்படியில் நின்றாள். இடது கன்னம் ஒழுங்காக முடிந்தது. தாடைக்குக் கீழே வந்ததும் கீறிவிட்டது. வெள்ளை நுரையில் சிவப்பு இறங்கியது.

அண்ணன் கத்தியை அவள் பக்கம் நீட்டினார். "நீயே பண்ணிடும்மா. உன் கைதானே பழக்கம்."

எத்தனை வருஷமாக அவள் ஆசையோடு கேட்ட வாக்கியம்! "விடுங்க" என்ற சொல் அவள் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

"படிகாரம் அலமாரியில இருக்கு. எடுத்து வச்சு அமுக்குங்க" என்றாள்.

அண்ணன் முறைத்தார். முணுமுணுத்துக்கொண்டே படிகாரத்தை எடுத்து அப்பாவின் தாடையில் அழுத்தினார். பிறகு கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, கண்ணை அகலத் திறந்தபடி, "ஆண்டவரே, கை நடுங்குதே" என்றார். அவர் இவ்வளவு சின்னதாக ஜெபம் செய்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"ஆமென்" என்றார் அப்பா.

கத்தி மறுபடியும் தாடையில் இறங்கியது. சின்னவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கால் வாசற்படியை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்துச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு, முதலாளியம்மாவிடம் முடிவைச் சொல்லப் புறப்பட்டாள்.