தங்கராஜுவின் கிட்னி

தங்கராஜுவுக்கு அந்த வாரம் தலைகால் புரியவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக, வாரம் மூன்று நாள் எஸ்டேட் வேனில் ரிங்லெட் டவுனுக்கு இறங்கி டயாலிசிஸ் மெஷினில் கிடக்கிற மனுஷர் அவர். கிட்னி கெட்டதிலிருந்து எத்தனை ஊசி போட்டும் ஏறாத ரத்த அளவு இப்போது தானாகவே ஏறியிருந்தது.

"என்ன அங்கிள், இனிமே ஊசியே வேணாம் போலிருக்கேலா!" என்று அங்கே நர்ஸாக இருக்கும் மிஸ்ஸி கிளாரிசா சொன்னதுதான் தாமதம், செத்த கிட்னி உயிர் பிழைத்துவிட்டது என்று மனுஷர் முடிவே கட்டிவிட்டார். எஸ்டேட் லயம் முழுக்க வீடு வீடாகத் தண்டோரா போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

"இனிமே மெஷினுக்குப் போகமாட்டேன்" என்றார் மனைவியிடம்.

ருக்குமணி கை வேலையைப் போட்டுவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். மெஷினை விட்டால் மனுஷர் சில நாளுக்கு மேல் தாங்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

"ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு நிறுத்துங்க. அதுவரைக்கும் ஒழுங்கா மெஷின்ல போய்ப் படுங்க" என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே போய்வந்தார். கிளாரிசா டாக்டரிடம் சொல்லி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்தாள்.

படத்தில், சுருங்கிப்போன இரண்டு கிட்னியிலும் திராட்சைக் கொத்து மாதிரி நீர்க்கட்டிகள்.

"ரொம்ப வருஷம் டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு இப்படி வரும்" என்றார் டாக்டர். "இதனால சில பேருக்கு ரத்தமும் ஏறும். ஆனா கிட்னி வேலை செய்யல ஐயா."

தங்கராஜுவின் முகம் தொங்கிவிட்டது. ருக்குமணிதான் வாய் திறந்தாள்.

"புத்துநோயா டாக்டர்?"

"இப்போ அப்படி ஒண்ணும் தெரியல. பின்னால வரலாம், அதனால தவறாம ஸ்கேன் எடுக்கணும். சிறுநீர்ல ரத்தம் வந்தா, விலாவுல வலிச்சா உடனே வந்துடுங்க. மெஷினை மட்டும் விட்டுடாதீங்க."

திரும்பி மலையேறும் பஸ்ஸில் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வெக்கமா இருக்கு ருக்கு. லயம் பூரா சொல்லித் தொலைச்சேன்."

"சொன்னா என்னலா? அந்தக் கிட்னிய நம்பியா இத்தனை வருஷம் உங்ககூடக் குடும்பம் நடத்துனேன்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"மூணு நாள் அந்த மெஷின் உங்கள வச்சுக்கட்டும். மிச்ச நாள் எனக்கு. அது போதும்லா எனக்கு."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எஸ்டேட் வரும்வரை விடவில்லை.