எலிக்கு வைக்கும் மருந்து

தமிழ்செல்வி தட்டிலிருந்து அரிசியை அள்ளிக்கொண்டு அப்பாவின் முகத்தருகே குனிந்தபோது, முனிவேல் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"உன் கையால ஒண்ணும் அவர் வாயில போவக் கூடாது."

மேளக்காரர்கள் தாங்களாகவே அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். இதைவிடப் பெரிய கச்சேரி பந்தலுக்குள் ஆரம்பமாகிவிட்டது என்று தெரிந்தபிறகு யார் அடிப்பார்கள்? வாய்க்கரிசி போட வரிசையில் நின்ற பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்தார்கள். கல்லாவி ஊரில் சாவுக்கு வராதவர்கள்கூட இந்தச் சண்டைக்கு வந்திருப்பார்கள்.

"விடுண்ணா," என்றாள் தமிழ்செல்வி.

அவன் விடவில்லை. கூடப் பிறந்த அண்ணன். ஆடி மாதத்திலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. விடிகாலையில் அப்பா போன செய்தியைக்கூட அவன் சொல்லவில்லை. அவன் மனைவி பவளம்தான் மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒதுங்கி நின்று போனில் சொன்னாள். ஓசூரிலிருந்து காரில் வந்து இறங்கியபோதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாடை கட்டுகிற இடத்துக்குப் போய்விட்டான். அவள் கணவன் ஆனந்த் ஒரு ஓரமாக நின்றான். மாப்பிள்ளை என்பதால் அவனை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவனும் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை.

கட்டிலில் கிடந்த கரியப்பனுக்கு உணவுக்குழாயில் புற்று. கடைசி நாட்களில் கஞ்சித் தண்ணீரே உள்ளே இறங்கவில்லை. ஒரு வாய்ச் சோற்றுக்கு அந்த மனுஷன் தவியாய்த் தவித்தார். இப்போது ஊரே வரிசையில் நின்று அவர் வாயில் அரிசி போட்டுக்கொண்டிருந்தது. மகளுக்கு மட்டும்தான் தடை.

தமிழ்செல்வி ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். புற்றுநோய்க்கான மருந்தை அப்படியே ரத்தத்தில் ஏற்றினால், கட்டியோடு சேர்த்து உடம்பையும் அடித்துப் போட்டுவிடும். முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும். அந்த மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து, கட்டி இருக்கிற இடத்தில் போய் உடையும்படி அனுப்புவதுதான் அவள் வேலை. நானோ துகள் என்று பெயர். சொல்ல ஒரு நிமிடம் போதும், செய்யப் பதினாறு வருடம் பிடித்தது. ஏனென்றால் நடுவில் கல்லீரல் இருக்கிறது. கிருஷ்ணகிரி டோல்கேட் மாதிரி, போகிற வண்டியையெல்லாம் அது நிறுத்திவைத்துக்கொள்கிறது. அதன் கண்ணில் படாமல் குமிழியைக் கடத்துவதற்கே அவள் தலையில் பாதி நரைத்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கிச் சொன்னாள். செல்வம்மாள் கவனமாகத்தான் கேட்டாள். மறுநாள் சந்தையில் போய், "எம் பொண்ணு ஓசூர்ல எலிக்கு மருந்து வெக்கிறா," என்று சொல்லிவிட்டாள். சோதனைக்கூட எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம் என்று மகள் சொன்னது அவள் வாயில் அப்படி வந்துவிட்டது. இந்தப் பக்கம் எலிக்கு மருந்து வைப்பது என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். "அதுக்கா இவ்ளோ படிப்பு?" என்று ஊர் கேட்டது. கரியப்பன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு வேர்க்கடலை மூட்டையை எலி கடித்தால் போன் போட்டு, "ஏம்மா, வந்து வெச்சிட்டுப் போறியா?" என்று கேட்பார். அவளுக்கு அந்தக் கேலி பிடிக்கும்.

அவருக்கே நோய் வந்தபிறகு அந்தக் கேலியில் விஷம் ஏறிவிட்டது. ஆடியில் முனிவேல் ஓசூருக்கு வந்து கம்பெனி கேட்டில் நின்றான். வெயிலில் வெகுநேரம் நிற்க வைத்த பிறகுதான் செக்யூரிட்டி உள்ளே தகவல் சொன்னான். தலையில் தொப்பியும் கையில் உறையுமாகத் தங்கை வெளியே வந்தாள்.

"ஒரு பாட்டில் குடு போதும். யாருக்கும் சொல்ல மாட்டன்."

"ண்ணா, அத இன்னும் எலிக்குத்தான் குடுத்துட்டு இருக்கறோம். மனுசனுக்கு எவ்ளோ குடுக்கணும்னே தெரியாது. கட்டி சுருங்கின எலியிலயே சிலது ஈரல் கெட்டுச் செத்துப்போச்சு. நான் எப்பிடி அப்பாவுக்கு ஏத்துவேன்?"

அவன் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். எலிக்கு உண்டு, அப்பனுக்கு இல்லை. பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவள் அப்பாவை அழைத்துப் போனது, லீவு போட்டுப் பக்கத்தில் படுத்துக் கிடந்தது எதுவும் அவன் கணக்கில் ஏறவில்லை. டீக்கடையிலும் பால் சொசைட்டியிலும் அந்த ஒரு வரியையே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"எடுக்கற நேரத்துல என்னடா இது? பொழுது சாயுது," என்றார் ரத்தினவேல் சித்தப்பா. சடங்குகளை முன்னின்று நடத்துகிறவர் அவர்தான்.

"ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும் சித்தப்பா. அப்புறம் தாராளமாப் போடட்டும்." முனிவேல் தங்கையை நேராகப் பார்த்தான். "அதே மருந்த இப்ப மனுசங்களுக்கு ஏத்தப் போறாங்களாமே? நாராயணம்மா திங்கக்கிழம பெங்களூர் போவுதாமே? ஊரான் வீட்டுப் பொம்பளைக்கு ஏத்தலாம், பெத்தவனுக்குக் கூடாதா?"

"பர்மிஷன் போன மாசந்தான் வந்துச்சு. அப்ப அப்பாவுக்கு உடம்புல தெம்பே இல்ல. அவங்க சேத்துக்கவே மாட்டாங்க."

"அத விடு. ஆடியிலயே குடுத்திருந்தா அப்பா பொழச்சிருப்பாரா, மாட்டாரா? ஒரே வார்த்த சொல்லு."

பந்தலில் கூடியிருந்த அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். வரிசையின் கடைசியில் நாராயணம்மாவும் நின்றாள். இரண்டு கடலைக்காடு தள்ளி வீடு. வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ். மார்பில் வந்த கட்டியை எடுத்த பிறகும் அது மறுபடி முளைத்துவிட்டது. பெங்களூர் டாக்டர் இந்தச் சோதனையில் சேரலாம் என்று சொன்னதும், கரியப்பனைப் பார்க்க வந்த சாக்கில் தமிழ்செல்வியைக் கேட்டாள். "தெரியாதுங்க. நல்லதும் ஆவலாம், கெட்டதும் ஆவலாம். அதத் தெரிஞ்சிக்கத்தான் குடுக்கறாங்க," என்றாள் இவள். நாராயணம்மா, "எல்லாந் தெரியும்னு சொன்னவங்கதான் என்னை இந்தக் கதிக்கு விட்டாங்க. நீ சொல்றத நம்பலாம்," என்று சேரச் சம்மதித்துவிட்டாள்.

தமிழ்செல்விக்கு இரண்டு பதில்கள் இருந்தன. பிழைத்திருப்பார் என்றால் கொலைகாரி. மாட்டார் என்றால் உடனே அரிசி போடலாம். இரண்டுமே அவளுக்குத் தெரியாத விஷயம். பம்பாயிலிருந்து பறந்து வருகிற டைரக்டர்கள் வருடா வருடம், மருந்து வேலை செய்யுமா செய்யாதா என்று இப்படித்தான் கேட்பார்கள். சோதித்துப் பார்க்காமல் தெரியாது என்பாள் இவள். தெரியாது என்று சொல்ல வாய் வராதவர்கள் ஒவ்வொருவராக அவளுக்கு மேலதிகாரிகளானார்கள்.

"தெரியாது," என்றாள்.

கூட்டத்தில் ஒரு பெண் சிரித்தேவிட்டாள். "இத்தன வருசம் படிச்சது இதுக்குத்தானா?" என்று இன்னொரு குரல் வந்தது.

"தெரியாதுன்னா என்னா அர்த்தம்?" முனிவேலின் குரல் உயர்ந்தது. "பொழச்சிருந்தாலும் பொழச்சிருப்பாருன்னுதான அர்த்தம்?"

எரிச்சல் என்னவென்றால், அவன் சொன்னது சரி.

அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கை அரிசியைத் தட்டில் கொட்டினான். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த முரடனை எல்லார் முன்னாலும் அறைய வேண்டும் போலிருந்தது. மலையில் எவனோ வேர் தருகிறான் என்று அஞ்செட்டிக்குக் கூட்டிப்போய் மாதக்கணக்கில் கஷாயம் குடிக்கவைத்தவன் இவன்தானே? அதை இங்கே சொல்லிவிட்டால் போதும், ஊர் அப்படியே அவனுக்கு எதிராகத் திரும்பிவிடும். சொல்ல வாயெடுத்தாள்.

அப்போது தலைமாட்டில் உட்கார்ந்திருந்த செல்வம்மாள் தலையைத் தூக்கினாள்.

"சொல்லித் தொலையேண்டி. பொழச்சிருக்க மாட்டாருன்னு சொல்லிட்டு அரிசியப் போடு. நான் இனிமேப்பட்டுத் தூங்க வேணாமா? எல்லாஞ் சேந்து அவரச் சாவ விட்டுட்டமோன்னு நான் நெனச்சிக்கினே கெடக்கணுமா?"

தமிழ்செல்வி அம்மாவைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். அவன் அரிசித் தட்டைக் கையில் எடுத்துத் தயாராக வைத்திருந்தான். சண்டைக்கு நிற்கிறவனின் முகமாக இல்லை அது. அஞ்செட்டிக் கஷாயத்தை அவனும் மறக்கவில்லை. அம்மா கேட்ட அதே வார்த்தையைத்தான் அவனும் கேட்கிறான், அவனுக்குக் கேட்கத் தெரிந்த விதத்தில்.

"பொழச்சிருக்க மாட்டாரு," என்றாள்.

"சாமி மேல சத்தியமா?"

"சத்தியமா. என்னிக்குக் குடுத்திருந்தாலும் பொழச்சிருக்க மாட்டாரு."

"அப்ப அந்த மருந்து?"

"ஒண்ணுத்துக்கும் ஆவாது."

கடைசி வார்த்தை தேவையே இல்லாதது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. முனிவேல் தட்டை அவள் முன்னால் நீட்டினான். அவள் அரிசியை அள்ளி அப்பாவின் உதட்டில் வைத்தாள். தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்ததால் வாய் திறக்கவில்லை. அரிசி கன்னத்தில் வழிந்து கழுத்துக்குப் போயிற்று. முனிவேல் குனிந்து அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தான். பொறுக்கிக்கொண்டே, அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டு அழுதான். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு போனபிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. பவளம் மோட்டாரைப் போட்டாள். பெண்கள் வாசலைக் கழுவிவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளத் தொட்டியடிக்கு வந்தார்கள். முதலில் செல்வம்மாள். துவைக்கிற கல்லின்மேல் அவளை உட்கார வைத்தார்கள். பெற்ற மகள் இருக்கும்போது வேறு யார் ஊற்றுவது? தமிழ்செல்வி குவளையை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு குவளை ஊற்றியதும் செல்வம்மாள் முகத்தை வழித்துக்கொண்டு சொன்னாள்:

"அவருக்கு எழுதினது அவ்ளோதான். உம்மேல தப்பில்லடி தமிழு. நான்தான் இத்தன மாசமா உன்னைக் கரிச்சிக் கொட்டிட்டன்."

தமிழ்செல்வி குவளையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். அம்மாவின் முதுகில் கையை வைத்துத் தேய்த்துவிட்டாள். எலும்பெல்லாம் கைக்குத் தட்டுப்பட்டது. இந்தப் பேச்சுக்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாள். கிடைத்துவிட்டது, இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"அம்மாடி." நாராயணம்மா தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "நான் திங்கக்கிழம போவல. டாக்டருக்கு நீயே சொல்லிடு."

"ஏன்?"

"ஏன்னு நீ கேக்கற? நீதான சத்தியம் பண்ண? ஒண்ணுத்துக்கும் ஆவாதத எதுக்கு ஒடம்புல ஏத்திக்கணும்?"

தமிழ்செல்வி குவளையைத் தொட்டியில் முக்கினாள். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லலாம். ஓசூர் போய்ச் சேர்ந்ததும் போன் போடலாம். போனில் மாற்றிச் சொன்னால் இவள் நம்புவாளா? இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று பேசுகிறவர்களை நாராயணம்மா நிறையப் பார்த்தவள்.

"அன்னிக்கி எங்கிட்டத் தெரியாதுன்ன. இன்னிக்கி சாமி மேல ஆணையா ஆவாதுங்கற. எது நெசம்?" நாராயணம்மா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி, வீட்டுத் தெலுங்கில் உண்மையைச் சொல்லச் சொன்னாள். "நிஜம் செப்பம்மா."

மற்ற பெண்கள் தொட்டிப் பக்கம் நெருங்கி வந்தார்கள். மோட்டார்க் குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. குவளையில் தண்ணீர் நிரம்பி வழிந்தது.

"உங்ககிட்டச் சொன்னதுதான் நெசம்," என்றாள் தமிழ்செல்வி. "பந்தல்ல சொன்னது பொய்."

தலையைத் தேய்த்துக்கொண்டிருந்த செல்வம்மாளின் கைகள் அப்படியே நின்றன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப அவரு பொழச்சிருப்பாரா?"

"தெரியாதும்மா."

செல்வம்மாள் முகத்தில் விழுந்த ஈர முடியைப் பின்னால் தள்ளினாள். அவள் கூந்தல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"பவளம், நீ வந்து ஊத்து."

பவளம் தயங்கினாள். மாமியாரையும் நாத்தனாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வந்து கையை நீட்டினாள். தமிழ்செல்வி குவளையைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

நாராயணம்மா போகாமல் அங்கேயே நின்றாள். முந்தானையை இழுத்து மார்பின்மேல் போர்த்திக்கொண்டாள்.

"திங்கக்கிழம வெறும் வயித்தோடதான் போவணுமா?"

"ஆமாங்க. தண்ணி மட்டும் குடிக்கலாம்."

பவளம் ஊற்றிய தண்ணீர் செல்வம்மாளின் தலையில் விழுந்து, கல்லைத் தாண்டி மண்ணில் ஓடி வந்து தமிழ்செல்வியின் பாதத்தை நனைத்தது. அவள் நகரவில்லை.